கத்தி யார் கையில் இருந்தது

என் வேலை என்னவென்று என் அண்ணன் இதுவரை யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. கல்யாண மண்டபத்தில் யாராவது கேட்டால், "டிராயிங் டீச்சருங்க" என்பான். நான் வாழ்க்கையில் ஒரு வாழைப்பழத்தைக்கூட ஒழுங்காக வரைந்ததில்லை. நான் கலை வரலாறு படித்தவள். அதிலும் பரிசோதனைக் கலை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட முடியாத கலை. தன் உடம்பைத் தானே கீறிக்கொள்கிறவர்கள், கழுத்துவரை மண்ணில் புதைந்து கிடப்பவர்கள், உள்ளங்கைத் தோலில் ஊசி நூல் கோத்துத் தையல் போட்டுக்கொள்கிறவர்கள், இவர்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதியிருக்கிறேன். அண்ணனுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். அவன் பனியன் கம்பெனியில் சரக்கு எடுக்கிற வெளிநாட்டு பையர் பரிசளித்த கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி வைத்திருந்தான். பிரித்துப் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவைதான் பிரித்தான், அதுவும் எனக்கு எதிராக.

ஏன் இந்தத் துறைக்குப் போனேன் என்று மாணவர்கள் கேட்பார்கள். நாகரிகமான பதில் ஒன்று கைவசம் உண்டு. உண்மையான பதில், எங்கள் அப்பா அடிப்பார் என்பதுதான். வீட்டிலேயே மிஷின் போட்டுப் பனியன் தைத்துக் கொடுத்தவர். அறுந்துபோன மிஷின் பெல்ட் ஒன்று கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஆர்டர் தள்ளிப்போனால் அது இறங்கும், குழம்பில் உப்பு கூடினாலும் இறங்கும். அம்மாவுக்கு விழும், எனக்கு விழும். அண்ணன் நடுவில் வந்து நிற்பான். ஒரு நாள் எனக்கென்று ஓங்கிய கை அவன் காதோடு சேர்த்து விழுந்தது. அன்றிலிருந்து அவனுக்கு இடது காது கேட்காது. இன்றும் முக்கியமான பேச்சு என்றால் வலது காதைப் பேசுகிறவர் பக்கம் திருப்பிக்கொள்வான். அவனை நான் எவ்வளவு திட்டி எழுதினாலும் இதையும் எழுதாமல் விட முடியாது.

படிக்கும்போது வகுப்பில் ஒரு படம் காட்டினார்கள். ஒரு பெண் தன் உள்ளங்கையில் தானே தையல் போடுகிறாள். ரத்தம் மணிக்கட்டில் இறங்குகிறது. பக்கத்திலிருந்த பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ரத்தம் பார்த்து வளர்ந்தவள்தானே. நான் கேட்டது ஒரே கேள்வி: "ஊசியை அவளே எடுத்தாளா, யாராவது கையில் கொடுத்தார்களா?" வகுப்பே சிரித்தது. ஆனால் என் மொத்தப் பிழைப்பும் அந்தக் கேள்விதான். வாங்கிய அடியும் தானே எடுத்துக்கொண்ட அடியும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். காயம் ஒன்று, ரத்தம் ஒன்று. வித்தியாசம் கத்தி யார் கையில் இருந்தது என்பதில் மட்டும்தான் இருக்கிறது. என் மாணவர்களுக்குக் கட்டுரையின் முதல் வரியிலேயே அதை எழுதச் சொல்வேன். அழகு, அரசியல், தத்துவம் எல்லாம் அப்புறம்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் கடைசியில் கோயமுத்தூரில் ஒரு கல்லூரிக்கு வந்து சேர்ந்தேன். அங்கேதான் அந்தப் பெண் என் மாணவியானாள். பொங்கலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க்காரிதான். நாங்கள் தோட்டத்தில், அவர்கள் காலனியில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவள் அம்மா எங்கள் அண்ணன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்தாள். இந்தப் பெண்ணுக்கு அடக்கம், பணிவு என்று ஒன்றும் கிடையாது. என் புத்தகத்தைப் படித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்கக்கா, ஆனா கடைசி அத்தியாயம் பூரா பயந்து பயந்து எழுதியிருக்கறீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

அவள் செய்ய நினைத்த காரியம் என்ன என்று புரிய, எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு லேபிள் தைத்த டி-ஷர்ட்டில் சாயம் ஒரு சின்ன மாற்றம் காட்டினாலும் பையர் வேண்டாம் என்று தள்ளிவிடுவான். தள்ளியதை அப்படியே வெளியே விற்கவும் கூடாது. அவன் பெயர் மலிவு பனியன் விற்கிற காதர்பேட்டை நடைபாதையில் தொங்கினால் அவனுக்கு மானக்கேடு. அதனால் அந்த ரிஜெக்ட் பீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து நெஞ்சில் ஒரு கீறல், முதுகில் ஒரு கீறல் போட்டு வேஸ்ட்டுக்குத் தள்ள வேண்டும். லேபிளோடு முழுசாக ஒரு பீஸ் வெளியே தெரிந்தால் அடுத்த ஆர்டர் கிடையாது. கம்பெனியில் இது யாரும் சொல்லிக்கொடுக்காத பாடம். முழுசாகக் கிடக்கிற ரிஜெக்ட்டைப் பார்த்தால் கை தானாகவே கத்தியைத் தேடும்.

அவள் அம்மா வருஷக்கணக்காக அந்தக் கீறல் போட்டவள். பள்ளிக்கூடம் விட்டதும் இவள் கம்பெனி வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். புதுத் துணி கிழிபடுகிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் தனக்குப் பல் கூசும் என்றாள். அவள் கேட்டது இதுதான்: தள்ளிப்போன ஒரு லோடை வெட்டாமல், லேபிளோடு, முழுசாக ஒரு குடோன் நிறையத் தொங்கவிட வேண்டும். அவ்வளவுதான் படைப்பு. உள்ளே வருகிறவர்களும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். பார்க்கிறவன் யார், தள்ளப்பட்ட பீஸ் எது என்று தெரியக்கூடாது.

அண்ணனிடம் நான்தான் போய்க் கேட்டேன். கம்பெனிக்குப் பின்னால் பழைய குடோன் ஒன்று சும்மா கிடந்தது. வெளிர்நீல டி-ஷர்ட் ஒரு லோடு திரும்பி வந்து வெட்டுக்குக் காத்திருந்தது. கண்காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தான். துணியைக் கொடியில் காயப்போடுவதற்கு எதற்குக் காலேஜ் படிப்பு என்று கேட்டுவிட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

திறப்பு விழாவுக்கு முந்தின மத்தியானம் அவளும் நானும் மட்டும் குடோனில் இருந்தோம். எல்லாம் மாட்டி முடிந்திருந்தது. கூரையிலிருந்து தரைவரை வரிசை வரிசையாக வெளிர்நீலம். காற்று வந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சு விடும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ரத்தம் சிந்திய படைப்புகளைப் பார்த்திருக்கிறேன். ரத்தமே இல்லாமல் இவ்வளவு வலித்தது இதுதான். அவள் ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொன்றை என்னிடம் நீட்டினாள். களை வெட்டப் போகிற பெண்கள் சேலைமேல் சட்டை மாட்டுவதுபோல நானும் மாட்டிக்கொண்டேன். என்னைப் பார்த்து அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போதுதான் அண்ணியின் தம்பி ஆட்களோடு வந்தான். அவன்தான் கம்பெனியில் மேனேஜர். பையரின் ஆள் அன்று சாயங்காலமே சோதனைக்கு வருவதாக திடீரென்று தகவல் வந்திருக்கிறது. அண்ணன் எங்கேயோ சோமனூரில் இருந்தபடி போனில் குடோனைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்கிறான். கழற்றி மூட்டை கட்டி மறைத்து வைக்கலாம் என்று வேறு ஊர்க்காரனுக்குத் தோன்றியிருக்கும். எங்கள் ஊர்க்காரனுக்கு ரிஜெக்ட் பீஸைச் சுத்தம் பண்ணுவது என்றால் ஒன்றே ஒன்றுதான். ஆட்கள் ஒவ்வொருவர் கையிலும் அட்டைப்பெட்டி அறுக்கிற கத்தி இருந்தது.

வந்ததும் ஆரம்பித்தார்கள். தொங்கிக்கொண்டிருந்தபடியே நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று. பர் பர் என்று குடோன் முழுக்க அந்தச் சத்தம். நான் கத்தினேன். அண்ணியின் தம்பி என் பக்கம் திரும்பி, "நீங்க சித்த தள்ளி நில்லுங்க, கையில கித்தியில பட்டுறப் போவுது" என்றான். அவ்வளவு மரியாதை. அவள் ஓடிப்போய்க் கடைசி வரிசைக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். நகரச் சொன்னான். நகரவில்லை. உன் மச்சான் ஒப்புக்கொண்டு கொடுத்த துணி, அவரைக் கேட்டுவிட்டு வெட்டு என்றாள். "உன்" என்று சொன்னதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். அவள் அம்மா வயசில் பாதி இருக்கும்போதே அவள் அம்மாவை வாடி போடி என்று கூப்பிட்டவன் அவன்.

அவள் காலரைப் பிடித்து இழுத்து, கழுத்துக்குப் பின்னாலிருந்த லேபிளைத் திருப்பிப் பார்த்தான்.

"நீ போட்டிருக்கறதுமு ரிஜெக்ட் பீஸ்தான்டி" என்றான்.

சொல்லிவிட்டு அவள் உடம்பின் மேலேயே அந்தச் சட்டையை நெஞ்சிலிருந்து கீழே இழுத்து அறுத்தான். துணி திறந்துகொண்டது. அவள் ஒரு கையால் நெஞ்சை மூடிக்கொண்டு இன்னொரு கையால் கத்தியைப் பிடித்தாள். அவன் கத்தியை விடவில்லை. அவள் பிடித்திருக்கிறாள் என்று தெரிந்தேதான் உருவினான். அவன் கண் அவள் கையின் மேலேயே இருந்ததை நான் பார்த்தேன். கட்டைவிரல் இடுக்கில் தொடங்கி மணிக்கட்டுவரை பிளந்தது. ரத்தம் வெளிர்நீலத்தில் பட்டால் கறுப்பாகத்தான் தெரிகிறது.

சட்டை மாட்டிய இரும்புக் குழாய் ஒன்று கீழே கிடந்தது. எடுத்து அவன் மண்டையில் போட்டேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கைதான் முதலில் பேசும். நான் மட்டும் என்ன தத்துப் பிள்ளையா. அவன் உட்கார்ந்தான். இன்னொன்றும் போட்டேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. ஆட்களில் ஒரு வடக்கத்திப் பையன் கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினான். மற்றவர்கள் பாதி வெட்டிய வரிசையையும் முடித்துவிட்டுத்தான் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் வலது கையின் தசைநார்கள் அறுந்திருக்கின்றன என்றார்கள். ஒட்டித் தைத்திருக்கிறோம், விரல் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவள் அம்மா வராந்தாவில் சுவரோடு சாய்ந்து, அழாமல், சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் நகரத்திலிருந்து ஒரு கேலரிக்காரர் கூப்பிட்டார். திறப்பு விழாவுக்கு வர இருந்தவர். யாரோ குடோனைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கிழிந்து தொங்குகிற சட்டைகள், தரையில் ரத்தம். எதையும் தொடாதீர்கள், முன்பு இருந்ததைவிட இதுதான் மகத்தான படைப்பு, நீங்கள்தான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்றார். அவர் குரலில் உண்மையான பரவசம் இருந்தது. நான் போனை வைத்துவிட்டேன். கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தான். கையில் என் புத்தகம். ஆஸ்பத்திரி கேன்டீனில் எதிரே உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, நடுப்பக்கத்தைப் பிரித்து வைத்தான். அவனுடைய வக்கீல் பென்சிலால் கோடு போட்டிருந்தார். இத்தகைய படைப்புகளில் சிந்தும் ரத்தம் படைப்பின் ஒரு பகுதியே என்று நான் எழுதிய வரி.

"அம்மிணி, நீ எழுதுனதுதானொ இது? இந்தப் புள்ள பண்ணுனதுமு அந்த மாதிரிக் கலைதான்னு ஒரு வார்த்தை ஸ்டேஷன்ல சொல்லீரு. படிச்சவ நீ சொன்னா கேட்டுக்குவாங்க. கைக்கு எந்த ஊர்ல வைத்தியம் பாக்கோணுமின்னாலும் நான் பாக்கறேன். இல்லாட்டிப் போனா அவன் மண்டைத் தையலுக்கு உம்பேர்லயும் கேஸ் வருமல்லொ."

கேலரிக்காரரும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் என்னிடம் கேட்டது ஒரே வாக்கியம்: நடந்தது கலை. என் வாழ்நாள் படிப்பு அவன் மச்சானைக் காப்பாற்றுகிற சாமான் ஆகிவிட்டதே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டீயை அப்படியே அவன் வேட்டியில் ஊற்றலாமா என்றுகூட நினைத்தேன். அவன் வலது காதை என் பக்கம் திருப்பிக் காத்திருந்தான். அந்தக் காதைப் பார்த்ததும் ஊற்ற முடியவில்லை. எழுந்து மாடிக்குப் போனேன்.

அவளுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அம்மாவிடம் ஆள் விட்டுப் பேசியிருக்கிறார்கள். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் கொதித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் போன எனக்கு அவள் சொன்னதைக் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது.

"கலைன்னே சொல்லீருங்கக்கா. கலைன்னா அது என்னுது. கேஸுன்னா அது அவனுது. பேப்பர்ல அவன் என்ன பண்ணுனான்னுதான் போடுவாங்க. நான் என்ன பண்ணுனேன்னு ஒருத்தனும் போடமாட்டான்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அடிபட்ட பெண்ணாக இருப்பதைவிடக் கலைஞராக இருப்பது மேல் என்று எந்தப் பெண்ணுக்குத் தோன்றாது? நானே அந்த ஆசையில்தான் வீட்டைவிட்டு ஓடி இந்தத் துறையில் விழுந்தவள். அடியை எடுத்துக் கலை என்று பெயர் வைத்துவிட்டால் அது நம்முடையதாகிவிடும் என்ற ஆசை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வகுப்பில் கேட்பதையே அவளிடமும் கேட்டேன்.

"கத்திய நீ குடுத்தியா?"

"இல்லீங்கக்கா."

"வெட்டச் சொல்லி நீ கேட்டியா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். பிறகு, தொங்கவிட்டது தன்னுடையது, வெட்டினது அவனுடையது, இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை என்றும் சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

ஸ்டேஷனுக்கு நான் தனியாகத்தான் போனேன். அண்ணனும் வக்கீலும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் நடுத்தர வயசுக்காரர், பேச்சில் தெற்கத்தி வாடை. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அவள் மாட்டியது என்ன, எதற்காக, யார் சம்மதத்தோடு, இவன் வெட்டியது என்ன, எப்படி. குழாயால் நான் அடித்ததையும், இரண்டு அடி என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

வக்கீல் என் புத்தகத்தைத் திறந்து கோடு போட்ட வரியை வாசித்தார். அடுத்த வரியையும் வாசியுங்கள் என்றேன். அவர் வாசிக்கவில்லை. நானே சொன்னேன், மனப்பாடம்தானே: அந்த ரத்தத்தைச் சிந்தத் தீர்மானித்தவர் கலைஞராக இருக்கும்வரை. வக்கீல் அசரவில்லை. சரி, கலை இல்லை என்றே வைத்துக்கொள்வோம், ஆனாலும் இது விபத்து என்றார். ரிஜெக்ட் பீஸை வெட்டுவது இந்தத் தொழிலின் நடைமுறை. லேபிள் உள்ள எதையும் வெட்ட வேண்டியது மேனேஜரின் கடமை. அவசரத்தில், பழக்கத்தில், போட்டிருந்த சட்டையிலும் கை போய்விட்டது. வேண்டுமென்று செய்யவில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். நம்புகிறார் என்று தெரிந்தது. எங்கள் ஊரில் வேலை பார்க்கிற யாருக்கும் அது நம்பும்படியான கதைதான். கை தானாகவே கத்தியைத் தேடும் என்று மேலே நானே எழுதியிருக்கிறேனே.

பையிலிருந்து நான் போட்டிருந்த சட்டையை எடுத்து மேஜைமேல் விரித்தேன். வெளிர்நீலம். கழுத்தில் அதே லேபிள். முன்பக்கம் காட்டினேன், பின்பக்கம் திருப்பிக் காட்டினேன். ஓரத்தில் அவள் ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு கீறல் கிடையாது.

"நானும் இதே சட்டையைப் போட்டுக்கொண்டு அதே குடோனில்தான் நின்றேன்" என்றேன். "அந்த வெட்டில் தப்பியது இது ஒன்றுதான். என்னைத் தள்ளி நில்லுங்கள் என்றார். கையில் பட்டுவிடும் என்றார்."

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பேசிவிட்டான். எனக்காக நடுவில் வந்து நின்ற அதே பதற்றம் அவன் முகத்தில் இருந்தது. நான் என்ன இப்படி அநியாயமாகப் பேசுகிறேன் என்ற நிஜமான ஆற்றாமை.

"உன்னைய எப்புடி அம்மிணி வெட்டுவான்?"

இன்ஸ்பெக்டர் தட்டுவதை நிறுத்தினார்.

"அப்போ அந்தப் புள்ளைய?" என்று கேட்டார்.

அண்ணன் வலது காதைத் திருப்பினான், கேட்காததுபோல. இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். வக்கீல் அண்ணனின் முழங்கையைப் பிடித்தார். அவன் மேஜைமேல் கிடந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் புதுத் தாள் ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தார்.